முருங்கைத் தாள்

பெட்டியைத் திறந்ததும் பஞ்சநதம் மீனைப் பார்த்தார். பிறகு அன்சாரின் கன்னத்தில் அறைந்தார்.

தஞ்சாவூரில் அவருடைய மெஸ்ஸின் பின்வாசல். அதிராம்பட்டினத்திலிருந்து அன்சார் வேனில் ஏற்றி வந்த கொடுவா மீன்கள் பச்சைக் கொழகொழப்பில் கிடந்தன.

"மருந்து போட்ட மீனையாடா எங்கிட்ட எறக்குற?"

"அல்லா மேல ஆணையா மருந்து இல்லண்ணே."

"பெயின்ட் அடிச்சு, கல்யாணத்துக்கு அனுப்பிருக்கான்ண்ணே," என்றான் மெஸ் ஆள் ஒருவன். இன்னொருவன் சிரித்தான். இருவரும் அன்சாரின் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். அடுத்த அடியில் உதடு கிழிந்தது.

சுவரோரம் நின்ற கல்லூரி மாணவி தமிழ்நிலாவை, பார்சலுக்கு வந்தவள் என்று நினைத்திருந்தார்கள். அந்தப் பச்சைக் கொழகொழப்பு, மீன்களுக்குச் சுற்ற அவள் செய்து கொடுத்த தாள். குருணை மாவைக் கூழாகக் காய்ச்சி, முருங்கை இலைச் சாறு கலந்து, கண்ணாடியில் ஊற்றிக் காயவைத்து உரித்தது. சுற்றி வைத்தால் மீன் சீக்கிரம் கெடாது. மண்ணில் போட்டால் மக்கிவிடும். கல்லூரி ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கியது. அங்கே ஈரம் கிடையாது. அன்சார் எப்போதும்போல ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு நொறுக்கிய ஐஸ் என்று நிரப்பியிருந்தான். ஐஸ் ஆகாது என்று அவள் சொல்லவில்லை. ஐஸ் இல்லாமல் மீன் வண்டி ஏறும் என்று அவன் நினைத்ததேயில்லை. வழியெல்லாம் ஐஸ் உருகி, தாள் கரைந்துவிட்டது.

"எவன்டா குடுத்தான் இத?"

அன்சார் அவள் பக்கம் திரும்பவேயில்லை. வயிற்றில் உதை விழுந்தது. அப்போதும் தரையையே பார்த்தான்.

"நான்தாங்க குடுத்தேன்." அவளுக்கே குரல் அந்நியமாக இருந்தது. "முருங்கக்கீரைதாங்க. திங்கலாம்."

பெட்டியிலிருந்த கொழகொழப்பை இரண்டு கையாலும் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"திங்கலாமா? அப்ப நல்லாத் தின்னு." பஞ்சநதம் அவள் பின்னலைப் பிடித்து முகத்தைப் பெட்டிக்குள் அழுத்தினார். துடுப்பு முள் புருவத்தைக் கிழித்தது. மூக்கில் ஐஸ்தண்ணீர் ஏறியது. மேலே சிரிப்புச் சத்தம்; பிறகு அது நின்றது. பின்னலைப் பிடித்திருந்த கை விலகியது.

நிமிர்ந்தாள். பிடி தளர்ந்த நேரத்தில் அன்சார் திமிறியிருந்தான். ஐஸ் உடைக்கும் இரும்புக் கம்பி அவன் கையில். பஞ்சநதம் சுவரோடு ஒட்டியிருந்தார்.

"பொம்பளப்புள்ள மேலயா கை வைக்கிற?"

"அன்சாரண்ணே, வேணாம்!"

ஓங்கிய கம்பியின் மறுமுனையைப் பாய்ந்து பற்றினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. இழுத்தான். பற்களைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். கையெல்லாம் பச்சைக் கொழகொழப்பு. விரல்களுக்கு நடுவே கம்பி மெல்ல மெல்ல வழுக்கிக்கொண்டிருந்தது.