தோள் மாற்றி வந்தவர்கள்

தேவிகுளம் கேரளத்தோடு சேர்ந்த மறு வருடம் அது. எஸ்டேட் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த கத்தரீனாள், இரண்டு வருடமாக ஒரு கதையை மட்டும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். வாசலில் நுழைய முடியாத கூட்டம். நால்வர் கூரையைப் பிரித்து, கட்டிலோடு ஒருவனைச் சேசுநாதர் முன்னால் இறக்குகிறார்கள். அந்தத் திமிர்வாதக்காரன் எழுந்து நடந்த கதை.

குருடனைப் பற்றிச் சொன்னாள். குஷ்டரோகியைப் பற்றிச் சொன்னாள். இதை மட்டும் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்து நிழல்மரத்தில் ஏறிக் கிளை கழிக்கும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன அவள் கணவன் பாஸ்கல் வீட்டில் சுவரைப் பார்த்துக் கிடந்தான். அவளைத் தவிர வேறு யாரும் தன்னைத் தொட அவன் விட்டதில்லை. கதையைச் சொன்னால், உங்கள் வீட்டுக்காரர் மட்டும் ஏன் எழவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பது வெளியே தெரிந்துவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அவர்கள் முன்னால் நிற்பது? வாரத்தில் அவளுக்கென்று மிஞ்சியிருந்ததே அந்த ஒரு மணி நேரம்தான்.

சென்ற வாரம் ஞானப்பூ பிடித்துவிட்டாள். பிடித்தால் விடாத பெண்.

"டீச்சர், சுவத்துல மாட்டியிருக்க அந்தப் படத்துல கூரை வழியா ஒருத்தரை இறக்குதாங்களே, அது என்ன கதை? நீங்க சொல்லவே இல்லையே."

சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடித்ததும் காத்திருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டுக்கு நடக்கும்போதோ, கேட்டிருக்கலாமே என்று மனம் குறைப்பட்டது. தனக்கு எதுதான் வேண்டும் என்று அவளுக்கே விளங்கவில்லை.

இன்று மணி அடித்தும் ஒரு பிள்ளையும் வரவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தபோது, மேட்டுப் பாதையில் தேயிலைக்கு நடுவே ஒரு கம்பளி வந்துகொண்டிருந்தது.

லயங்களுக்கு வண்டிப் பாதை கிடையாது. நடக்க முடியாதவர்களைக் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டித்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவார்கள். எதிரே வருகிறவர் யாராயிருந்தாலும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுத் தோள் மாற்ற வேண்டும். யார், என்ன நோய் என்று தூக்குவதற்கு முன்னால் கேட்பதில்லை. அது அந்த மலையின் வழக்கம்.

யார் வீட்டிலோ என்று நினைத்தபடியே சிலுவை போட்டுக்கொண்டாள். கம்பளி பாதை பிரியும் கவையில் நின்றது. வலது பக்கம் ஆஸ்பத்திரி, இடது பக்கம் கோயில். ஏதோ வாக்குவாதம். பிறகு அது கோயிலுக்குத் திரும்பியது. பின்னால் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கம்பளியின் சிவப்புக் கரை கண்ணில் பட்டதும் அவள் வாசலை விட்டு இறங்கினாள். அது அவள் வீட்டுக் கம்பளி.

முன்கொம்பைப் பிடித்திருந்தவர் கடைக்காரர் மம்மது ராவுத்தர். பாலக்காட்டிலிருந்து வந்து கடைவீதியில் மளிகை வைத்திருப்பவர். வேர்த்துக் கொட்டியது.

"ஆஸ்பத்திரிக்குன்னு நெனச்சுல்ல தோள் கொடுத்தேன் தாயி! பாதி வழியில இந்தப் புள்ளைக கோயிலுக்குங்குதுங்க. இதுல கூரையப் பிரிக்கணுமாம். தகரத்துல கை வெச்சா தொரை நம்ம தோலைப் பிரிச்சிருவாரு, வாசல் வழியாவே போவம்னு நான்தான் சொன்னேன்."

பிள்ளைகளால் அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலைக்கூடத் தாண்ட முடியவில்லையாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கியிருக்கிறார்கள். அப்புறம் சந்தைக்குப் போனவர்கள், விறகு கொண்டுவந்தவர்கள், பழனிக்கு மாலை போட்டிருந்த ஒருவர். எல்லாரும் வழக்கப்படி, கேளாமல்.

பீடத்தின் முன்னால் இறக்கினார்கள். பிள்ளைகள் முழந்தாளிட்டார்கள். ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு ஓரமாக நின்றார்கள்.

"சொல்லுங்க டீச்சர்," என்றாள் ஞானப்பூ.

"என்னத்தை?"

"எந்திரிச்சு நடன்னு."

கத்தரீனாள் பாஸ்கலைப் பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்தாள். அவன் முகம் வெயில் பட்டுச் சிவந்திருந்தது.

"நீ கூப்பிட்டியாமே," என்றான் மெதுவாக. "இந்தப் புள்ள வந்து சொல்லிச்சு. அதான் வந்தேன்."

ஞானப்பூ தரையைப் பார்த்தாள்.

கோயிலுக்கு வாருங்கள் என்று அவள் ஒரு தடவைகூட அவனைக் கேட்டதில்லை. வரமாட்டான் என்று அவளே முடிவு செய்து, அவனுக்கும் சேர்த்து மௌனமாக இருந்துவிட்டாள்.

"ஆமா, கூப்பிட்டேன்," என்றாள்.

பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "எனக்கு அப்படிச் சொல்லத் தெரியாது, ஞானப்பூ. சேசுநாதர்தான் சொல்லணும். சொல்வாரா, மாட்டாரான்னும் எனக்குத் தெரியாது."

இரண்டு வருடமாக அவள் பயந்தது இந்தச் சொற்களுக்குத்தான். சொல்லியாயிற்று. பிள்ளைகள் எழுந்து போய்விடவில்லை. இன்னும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நாங்க தூக்கிட்டு வந்தது வீணா?"

"வீணா?" பாஸ்கல்தான் கேட்டான். "ஏ புள்ள, மல்லாக்கக் கெடந்து மேல பாத்துக்கிட்டே வந்தேன். ஒரு தலை போகும், வேற தலை வரும். எனக்குத் தெரியாத மூஞ்சியெல்லாம். ஒருத்தரும் என்னை யாருன்னு கேக்கலை."



கத்தரீனாள் சுவரிலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கதையில் சேசுநாதர் முதலில் கண்டது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தை அல்லவா? கட்டிலில் கிடந்தவன் நம்பினானா என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. எத்தனை முறை படித்திருக்கிறாள்! ஒவ்வொரு முறையும் அவன் எழுந்து நடக்கும் இடத்துக்கே ஓடியிருக்கிறாள்.

வெளியே மேகம் இறங்கியது. "மழை வருது, கெளம்புவம். கடை தொறந்து கெடக்கு," என்றார் ராவுத்தர். ஆனாலும் மூங்கிலை அவர்தான் முதலில் தொட்டார். கத்தரீனாள் பின்கொம்புக்குப் போனாள்.

"நீங்க விடுங்க தாயி."

"இல்லண்ணே, நானும் தூக்குதேன்."

அவனைப் புரட்டி, குளிப்பாட்டி, தூக்கி உட்கார வைத்தவள் அவள் ஒருத்திதான். அவன் கனம் அவள் எலும்புக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

மூங்கில் தோளில் இருந்தது. பாஸ்கல் கம்பளிக்குள் இருந்தான். இரண்டு வருடமாகத் தனியாகச் சுமந்த அந்தக் கனத்தை மட்டும் காணவில்லை. மேட்டில் ஏற ஏறத் தேடினாள். எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை.