தவீயின் இடது கை

சார்ஜென்ட் தவீக்கு மாரடைப்பு என்று முகாமிலிருந்து ஆள் வந்து சொன்ன நாளிலிருந்து ராணுவம் காட்டிய கரிசனம் இருக்கிறதே, அப்பப்பா! சவப்பெட்டி அவர்களே கொண்டுவந்தார்கள். வியாழக்கிழமை நான்கு மணிக்குத் தகனம் என்று நேரம் குறித்ததும் அவர்கள்தான். எருமைக் கன்றை ஒண்டியாகத் தூக்குகிறவனுக்கு மாரடைப்பாம்! அவன் மனைவி புவாகாம் அதை ஒரு கணமும் நம்பவில்லை.

சாவதற்கு முந்தின நாள் தவீ போனில் சொன்னது அவள் காதிலேயே நின்றது. "புதுசா சேந்த பையன் ஒருத்தன அடிச்சே கொன்னுட்டாங்க, புவா. காய்ச்சல்னு எழுதி என்னைய சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. நான் போட மாட்டேன்."

முகாம் ஆஸ்பத்திரியில் நீராட்டுச் சடங்கு நடந்தது. வழக்கப்படி உடலைப் போர்த்தி, வலது கையை மட்டும் வெளியே வைத்திருந்தார்கள். மணிக்கட்டில் தடிமனாக மல்லிகைச் சரம். எல்லோரையும் போல அவளும் உள்ளங்கையில் வாசனை நீர் ஊற்றிவிட்டு வந்தாள். ஊர்க் கோயிலில் மூன்று நாள் புத்தத் துறவிகள் ஓதியபோதெல்லாம் ஒன்றுதான் உறுத்தியது. தவீ இடதுகைக்காரன். ஒட்டரிசிச் சோற்றை உருட்டியதும், அவள் கன்னத்தைத் தொட்டதும் அந்தக் கைதான். அதைப் பார்க்காமல் எப்படி அனுப்புவது?

வியாழக்கிழமை ஊரே பெட்டிமேல் வைக்கச் சந்தனச் சீவலில் செய்த பூக்களோடு சுடுகூடத்தின் முன் நின்றது. பெட்டியைத் திறந்து இளநீரால் முகம் கழுவுவது கடைசிச் சடங்கு. அதையும் தவிர்க்கப் பார்த்தார் முகாமிலிருந்து வந்த கேப்டன் வோரச்சாய்.

"வெயில் ஜாஸ்தி. திறக்க வேண்டாம் தங்கச்சி."

"உங்க வீட்டுல முகம் கழுவாமத்தான் அனுப்புவீங்களா?" என்ற பிணம் எரிக்கும் மூன் மாமா, பதிலுக்குக் காத்திராமல் மூடியை நெம்பினார்.

இளநீர் தவீயின் கன்னத்தில் வழிந்தபோது அவளுக்கு அழுகை பீறிட்டது. அழுதுகொண்டே இடது சட்டைக்கையின் பொத்தானைக் கழற்றினாள்.

"முகம் மட்டுந்தான் கழுவணும்," என்றார் கேப்டன்.

"என் புருஷனுக்கு எங்க அழுக்குன்னு எனக்குத் தெரியும்."

மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு அறுத்த தடம் கருநீலமாக ஓடியது. வலது கையின் வாடிய மல்லிகையைப் பிய்த்தாள். அங்கேயும் அதே தடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறோம். இந்தப் புண்ணியவான்கள் பூவில் மறைத்திருந்தார்கள்.

"மாரடைப்பு வந்தவனக் கயித்தால கட்டுவாங்களா, கேப்டன் ஐயா?"

ஊர்க்காரர்களின் செல்போன்கள் உயர்ந்தன.

"தூக்கும்போது பட்டிருக்கும். மூன், பெட்டிய உள்ள தள்ளு!"

புவாகாம் உலை வாசலில் போய்க் கால் நீட்டி உட்கார்ந்தாள். "என்னையும் சேத்துத் தள்ளச் சொல்லுங்க."

கேப்டன் கெஞ்சிப் பார்த்தார். பிறகு குனிந்து மெல்லச் சொன்னார்: "ஒன் பென்ஷன் உத்தரவுல இன்னும் கையெழுத்து ஆகல. ஞாபகம் வச்சுக்க."

"கையெழுத்துப் போடாததுக்கு அவர் செத்தாரு. நீங்க போடாததுக்கு நான் சாக மாட்டேன்."

நான்கு மணி போயிற்று, ஐந்தும் போயிற்று. வயல்களுக்கு அப்பால் சூரியன் இறங்கியதும் மூன் மாமா உலைக் கதவைச் சாத்தினார்.

"இருட்டினா நான் எரிக்கிறதில்ல ஐயா. நாளைக்கு வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை இந்தப் பக்கத்தில் யாரும் பிணம் எரிப்பதில்லை. தளபதியே வந்து கேட்டாலும் நடக்காது.

"அப்ப சனிக்கிழமை," என்று பல்லைக் கடித்தார் கேப்டன்.

"சனிக்கிழமை அவர் இங்க இருக்க மாட்டாரு. பெரியாஸ்பத்திரில அறுத்துப் பாக்குற மேசைல இருப்பாரு," என்றாள் புவாகாம். "ஊர்க்காரங்க போன் போட்டாச்சு. விடியக்காலைல வண்டி வருது, நானும் கூடப் போறேன்."

கேப்டனின் ஜீப் போன பிறகு மூன் மாமா இளநீர்க் காயை அவளிடம் நீட்டினார். "மிச்சம் இருக்கும்மா. அந்தக் கையவும் கழுவிடு."

புவாகாம் அதை வாங்கித் தரையில் வைத்தாள்.

"இப்ப வேணாம் மாமா. டாக்டருங்க பாக்கட்டும். அதுக்கப்புறம் நானே கழுவுறேன்."

கழுவாத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டியருகே உட்கார்ந்தாள்.