நோக்குகூலி வாங்கிய இயந்திரம்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குகளில் செல்லதுரைக்கு இரண்டு விஷயங்களில் பெயர் உண்டு. ஒன்று, மூட்டை சுமப்பது. இன்னொன்று, வேறு யாராவது சுமந்தால் பக்கத்தில் நின்று பார்த்ததற்குக் கூலி கேட்பது. நோக்குகூலி என்பார்கள். அரசாங்கம் தடை போட்ட பிறகு வெளியில் அதைக் கேட்பதை விட்டுவிட்டான். வீட்டுக்குள் எந்த அரசாங்கமும் வரவில்லை. கொச்சங்காடியில் இட்லி மாவு விற்கும் அவன் பொண்டாட்டி மூக்கம்மாள் அரிசி ஊறப்போடுவாள், ஆட்டுவாள், சுமந்துபோய் விற்றுவிட்டும் வருவாள். இவன் பார்ப்பான். பார்த்ததற்குச் சோறு உண்டு.

அந்த மூக்கம்மாள்தான் நிமோனியா முற்றி, எர்ணாகுளத்து ஆஸ்பத்திரி ஐசியூவில் வாயில் குழாயோடு கிடந்தாள். கட்டிலருகே நின்ற வென்டிலேட்டர் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

டாக்டர் அதிதி பாலக்காட்டுத் தமிழ்ப் பெண். பொறுமையாகச் சொன்னாள்: "இது தானாவே பாத்துக்கும், சேட்டா. ஒவ்வொரு மூச்சுக்கும் அவங்க எவ்வளவு இழுக்கறாங்கன்னு கணக்குப் பண்ணும். குறையறதை மட்டும் குடுக்கும். அவங்க இழுக்க ஆரம்பிச்சா இது விலகிக்கும்."

"இழுக்கலைன்னா?"

"முழுசும் இதுதான் பண்ணும்." அவள் குரல் தணிந்தது. "அப்படியே நீண்டா நெஞ்சுத் தசை தளர்ந்துடும். அப்பறம் மீட்கறது கஷ்டம். அவங்களா இழுக்கணும்."

குறைவதை மட்டும் செய்வது செல்லதுரைக்குத் தெரிந்த வேலைதான். தாலி கட்டிய நாளிலிருந்து அவன் அதற்குத் தயாராகவே இருந்தான். மூக்கம்மாள்தான் எதையும் குறையவிட்டதில்லை.

வெளியே முகமது இஸ்மாயில் சாயாவோடு காத்திருந்தான். கிடங்கில் கூட வேலை பார்ப்பவன்.

"எந்தாடா சொல்றாங்க?"

"மெஷின் பொறுப்பா வேலை பாக்குதாம்லே."

"அப்போ உன்னைவிட நல்ல மாப்பிள்ளைன்னு சொல்லு."

செல்லதுரை சிரித்தான். சிரித்த வாயை மூடுவதற்குள் கண் கலங்கிவிட்டது. சாயாவின் ஆவி என்று பழியை அதன்மேல் போட்டான்.

மறுநாள் மதியம் உள்ளே விட்டார்கள். திரையில் நீலக் கோடு இயந்திரம் தள்ளுகிற காற்று என்று அதிதி முன்பே காட்டியிருந்தாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நீலம் இறங்கியது. இன்னும் இறங்கியது.

"டாக்டரம்மா! ஓடி வாங்க! மெஷின் கையை எடுக்குது!"

வார்டே திரும்பியது. "மூட்டையைத் தலையில ஏத்திவிட்டுட்டுப் பாதியில கையை எடுப்பானா எவனாச்சும்? எங்க சங்கமா இருந்தா சஸ்பெண்டு!" என்று கத்தியவனை நர்ஸ் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

அதிதி ஓடி வந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "கீழே பாக்காதீங்கோ, சேட்டா. மேலே பாருங்கோ."

மேலே ஒரு மஞ்சள் கோடு, சின்னச் சின்ன மேடுகளாய் எழுந்துகொண்டிருந்தது.

"அது மூக்கம்மா இழுக்கறது."

செல்லதுரைக்குச் சட்டென்று விளங்கியது. மூட்டை ஏற்றிவிடுகிறவன் ஒரேயடியாகக் கையை எடுக்க மாட்டான். சுமப்பவனின் கழுத்து நிலைகொள்ளும்வரை தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக விடுவான். ஆள் தள்ளாடினால் கை திரும்பி வந்துவிடும். அவன் பார்த்துக்கொண்டிருந்தபோதே மஞ்சள் ஒருமுறை தடுமாறியது. நீலம் எழுந்து தாங்கியது. மஞ்சள் நிமிர்ந்ததும் மறுபடி தணிந்தது.

"நல்ல தொழில்காரன்தான்," என்று மெஷினைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு குனிந்து அவள் காதருகே சொன்னான்: "ஏளா மூக்கு, விடாத. எனக்கு என்னிக்காச்சும் வேலை வச்சியா? இவனுக்கும் வைக்காத."

அவள் வைக்கவில்லை. நீலம் நாளுக்கு நாள் மெலிந்து, ஒரு காலையில் நூலாகிப்போனது. குழாயை எடுத்தார்கள். மஞ்சள் மேடுகளுக்குச் சொந்தக்காரி கண்ணைத் திறந்து, ஓரமாக நின்ற இயந்திரத்தை முறைத்தாள். வீட்டில் செல்லதுரைக்குக் கிடைக்கும் அதே பார்வை.

"இது எதுக்குச் சும்மா நிக்குது?" குரல் கரகரத்தது.

"நோக்குகூலிக்கு."

மூக்கம்மாள் சிரித்தாள். சிரிப்பு இருமலாய் வெடித்தது. கட்டில் குலுங்கியது. செல்லதுரை மறுபடி கத்துவதற்கு வாயைத் திறந்தான்.

"இருமட்டும் விடுங்கோ!" அதிதி அவனைவிடப் பலமாகக் கத்தினாள். "அத்தனையும் அவங்க சொந்தக் காத்து!"

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினான். "ஏலே இஸ்மாயிலு! இருமிட்டாலே! என் பொண்டாட்டி இருமிட்டா!"

குழந்தை பிறந்த சேதி கேட்டவன்போல இஸ்மாயில் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு தூக்கினான். தூக்கிய பாரத்தைச் சட்டென்று இறக்கவில்லை. கால் தரையில் ஊன்றும்வரை பிடித்திருந்து, மெல்லக் கையை எடுத்தான்.