இரண்டு வலிக்கு நடுவில்

வண்டி கற்றுக்கொள்ள வந்த மருந்துக்கடைக்காரர் கிளட்சைப் பட்டென்று விட்டுவிட, வண்டி ஒரு குதி குதித்து நடுச் சந்தியில் நின்றது. பக்கத்து இருக்கையில் இருந்தவளின் வயிற்றுக்குள்ளும் ஏதோ குதித்து, தன் இடத்தைத் தேடிக்கொண்டு அடங்கியது. பின்னால் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்தது. எதிரே ஒரு லாரி திரும்பிக்கொண்டே வந்தது.

"ஒண்ணும் அவசரமில்ல சார். கிளட்ச். நியூட்ரல். சாவி. மெதுவா," என்றாள். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரல்.

வண்டி கிளம்பி ஓரமாக வந்து நின்ற பிறகுதான் அவர் கைக்குட்டையை எடுத்தார். "மேடம், அந்த லாரி நம்மள நோக்கியா வந்துச்சு?"

"நீங்க பார்க்கலயா? நல்லதாப் போச்சு."

பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த புதிதில் முதலாளி அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. நீ கத்தினால் ஓட்டுகிறவன் ஸ்டியரிங்கை விட்டுவிடுவான். ஆபத்து பெரிதாகப் பெரிதாக உன் குரல் சின்னதாகவேண்டும். மிச்சத்தை உன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக் பார்த்துக்கொள்ளும். வருடங்கள் போகப்போக அந்தக் குரல் வேலையோடு நிற்காமல் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒருமுறை அடுப்பில் கைத்துணி பற்றிக்கொண்டபோது, "அம்மா, இங்க கொஞ்சம் வர்றியா" என்று கூப்பிட்டாள். டப்பா மூடியைத் திறக்கத்தான் மகள் கூப்பிடுகிறாள் என்று அம்மா டிவி முன்னால் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டாள்.

வயிறு டாஷ்போர்டைத் தொடும் அளவுக்கு வந்தாயிற்று. இருக்கையைப் பின்னுக்குத் தள்ளத் தள்ளக் கால் பிரேக்குக்கு எட்டவில்லை. இதுதான் கடைசி வாரம் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தாள். ஆனால் டாக்டரிடம் சொல்லவேண்டியதை இன்னும் சொல்லவில்லை. மறுநாளைக்குள் சொல்லியாகவேண்டும்.

டாக்டர் நல்லவர். அதுதான் தொல்லை. சிடுசிடுவென்று ஏதாவது ஒன்றைச் செய் என்று சொல்லிவிடுகிற டாக்டராக இருந்தால், வெளியே வந்து அவரை நாலு திட்டு திட்டிவிட்டு அதையே செய்திருக்கலாம். இவரோ போனமுறை போனபோது வெள்ளைத் தாளில் கர்ப்பப்பையைப் படமாக வரைந்து, கீழே ஒரு குறுக்குக் கோடு போட்டு, பொறுமையாகச் சொன்னார்.

"போன ஆபரேஷன் தையல் குறுக்குவாக்குல இருக்கு, நல்லது. இடைவெளியும் போதும். சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாம். நூறு பேர் முயற்சி பண்ணா எழுபது பேர் கிட்ட நல்லபடியா பெத்துக்கறாங்க. இருநூறு பேர்ல ஒருத்தருக்குப் பழைய தையல் உள்ள பிரியலாம். பிரிஞ்சா உடனே ஆபரேஷன், அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தான நேரம்தான். இல்ல, இப்பவே தேதி குறிச்சு ஆபரேஷனுக்கே போயிடலாம். அதுலயும் அதுக்கு உண்டான சிக்கல் இருக்கு. ரெண்டுமே தப்பில்ல."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?"

"நான் நீங்க இல்லையேம்மா."

எழுபது என்றதும் ஏறிய மனம், இருநூறில் ஒருத்தி என்றதும் இறங்கியது. லைசென்ஸ் தேர்விலும் நூற்றில் எழுபது பேர் தேறத்தான் செய்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்காரர் தேறுவாரா என்று சொல்லிவிட முடியுமா?

"உங்களுக்கு ஏன் சுகப்பிரசவம் வேணும்னு தோணுது?" என்று டாக்டர் கேட்டார்.

"சீக்கிரம் வேலைக்குப் போகணும்," என்றாள். சொல்லி முடித்ததும் அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் உண்மை என்ன என்று யாராவது கேட்டிருந்தால் அதையும் அவளால் சொல்லியிருக்க முடியாது.

மூத்தவள் பிறந்தபோது, குழந்தையின் துடிப்பு இறங்குகிறது என்று யாரோ சொன்னார்கள். சக்கரக் கட்டில் ஓடியது. மேலே விளக்குகள் ஓடின. மூக்கின்மேல் ஒரு மூடி வந்து உட்கார்ந்தது. அடுத்து அவள் கண் விழித்தபோது புருஷன் தன் போனை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தான். "பாரு, பாரு, உன் மூக்கு!" அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவள் முதலில் அழுதாள். நிஜக் குழந்தையைக் கொண்டுவந்தபோது அழுகை வரவில்லை. அதற்குள் அம்மா பார்த்திருந்தாள், மாமியார் வீட்டார் பார்த்திருந்தார்கள், வராந்தாவைத் துடைக்க வந்தவள்கூடப் பார்த்து, நல்ல நிறம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பிரசவம் நடந்த இடத்தில் இல்லாத ஒரே ஆள் பெற்றவள்தான்.

இதை யாரிடம் சொல்வது? பிள்ளை நல்லபடியாக இருக்கிறதே, அப்புறம் என்ன என்பார்கள். அவளும் தனக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தமுறை முதுகில் ஊசி போட்டு, விழித்திருக்கும்போதே ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும் குழப்பம் இன்னும் கூடியது. விழித்திருப்பதுதான் வேண்டுமென்றால் அது போதுமே. போதாது என்று உள்ளே ஏதோ ஒன்று முரண்டு பிடித்தது. அது ஆசையா, வீம்பா என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே தீர்ப்புச் சொன்னாள். "தெரிஞ்ச வழி இருக்கும்போது தெரியாத சந்துல எதுக்குடி வண்டிய விடற?"

புருஷன் கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவன். கையில் இரும்பு வாசனை போக மூன்றாம் முறையாக சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவன் அங்கிருந்தே ஆறுதல் சொன்னான். "பயப்படாத டீச்சர். ஒழுங்கா வெச்ச வெல்டிங் விடவே விடாது. இரும்ப விட வெல்டிங்தான் உறுதி. அப்படியே உடைஞ்சாலும் அந்த இடத்துல உடையாது. பக்கத்துலதான் உடையும்."

"பக்கத்துலன்னா எங்க?"

அவன் நாலாம் முறையாக சோப்பை எடுத்தான்.

"வாயத் திறந்தா ஒரு நல்ல வார்த்தை வருதா பாரு," என்றாள் அம்மா கீரையிடம்.

அவன் அவளிடம் வண்டி கற்றுக்கொள்ள வந்து, வண்டியோடு அவளையும் ஓட்டிக்கொண்டு போனவன் என்று பள்ளியில் ஒரு கேலி உண்டு. அதனால்தான் அந்த டீச்சர். அன்று ராத்திரி அவன் வயிற்றின்மேல் கையை வைத்து, "நீ எது சொன்னாலும் சரி," என்றான். எல்லோரும் இப்படி நல்லவர்களாக இருந்தால் மனுஷி என்னதான் செய்வாள்? மறுநாள் டாக்டருக்குப் போன் செய்தாள். ஆபரேஷனுக்கே தேதி கொடுங்கள் என்று சொல்லத்தான் எண்ணை அழுத்தினாள். "முயற்சி பண்ணிப் பார்க்கலாம் டாக்டர்," என்று வாய் சொன்னது.

ஒரு காலை, மூத்தவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது வலி வந்தது. வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். "அம்மா, ஏன் சீப்ப நிறுத்திட்ட?" என்று சுண்டெலி கேட்டாள். பாதிச் சடையோடு குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பிரசவ அறையில் அவள் வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். பக்கத்து இயந்திரத்தில் குழந்தையின் துடிப்பு குதிரை ஓடுவதுபோலக் கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவள் கூரை பெயர்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தாள். "அவன் வரட்டும்! அவன் கைய ஒடிச்சு இந்தக் கட்டில்லயே கட்டறேன்!"

நர்ஸ் பெரிய உடம்புக்காரி. அவள் கையில் எப்போதும் ஏதாவது ஒரு துணி இருந்தது. "உன்ன மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே இல்லம்மா," என்று இவள் தோளைத் தட்டினாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. வலிக்கும் வலிக்கும் நடுவுல, தையல் இடத்துல வலிச்சா உடனே சொல்லணும். அது வேற வலி."

"வேற வலின்னா எப்படி இருக்கும் சிஸ்டர்?"

"வந்தா தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் கத்துகிறவளிடம் போனாள்.

வந்தது. தெரியவில்லை. முதுகிலிருந்து கிளம்பி இடுப்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து இறுக்குவது பிரசவ வலி. அதில் சந்தேகமில்லை. அது போன பிறகும் அடிவயிற்றின் இடது ஓரத்தில் ஏதோ மிச்சம் நின்றது. வலி என்று சொல்லலாம். இல்லையென்றும் சொல்லலாம். சிறுநீர் முட்டுவதாக இருக்குமோ? தையலையே நினைத்துக்கொண்டிருப்பதால் அங்கே வலிக்கிறதோ? மூடிய குழாய் சொட்டுகிறதா என்று பக்கத்து அறையிலிருந்து காது கொடுப்பதுபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தாள். சொட்டுகிறது என்று முடிவுக்கு வரும் நேரத்தில் அடுத்த வலி வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. திரும்ப முதலிலிருந்து கவனிக்கவேண்டியிருந்தது.

வலி ஏற ஏற அவள் குரல் இறங்கியது. அது அவளாகச் செய்ததில்லை. "சிஸ்டர், நேரம் கிடைக்கறப்ப கொஞ்சம் வந்து பார்க்கறீங்களா? அவசரமில்ல," என்றாள். அவசரமில்லை என்றதை நர்ஸ் அப்படியே எடுத்துக்கொண்டாள். "வர்றேம்மா, இவ கைய விட மாட்டேங்கறா!" என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

அந்த நேரத்தில்தான் தண்ணீர் பாட்டிலோடு புருஷன் உள்ளே வந்தான். அவள் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, "ஒண்ணும் அவசரமில்ல. அவங்கள கூப்பிடு. மெதுவா," என்றாள்.

பாட்டில் அவன் கையிலிருந்து கீழே விழுந்தது. கற்றுக்கொண்ட காலத்தில் ஒருநாள், பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்து ஒரு மதில்சுவரை நோக்கி வண்டியை விட்டவன் அவன். அன்று காதில் விழுந்தது இதே குரல்.

"சிஸ்டர்! இங்க வாங்க!"

"இருங்க சார், உங்க வீட்டம்மா நல்லாத்தான் இருக்காங்க. ஒரு சத்தம்கூடப் போடல."

"அதான் சிஸ்டர் பயமே! இவ கத்தினா நான் நிம்மதியா போய் டீ குடிச்சிட்டு வருவேன். குரல் இறங்கிச்சுன்னா எதிர்ல லாரி வருதுன்னு அர்த்தம்!"

"லாரியா?" என்று கத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள் திரைக்கு அந்தப் பக்கத்துக்காரி.

நர்ஸ் வந்தாள். போர்வையை விலக்கிப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று. "டாக்டரக் கூப்பிடுங்க!" என்று வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

டாக்டர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே வந்தார். குனிந்து பார்த்தார், இயந்திரத்தைப் பார்த்தார், பிறகு அவள் முகத்துக்கு நேராக வந்தார். "தலை நல்லா கீழ வந்துருச்சு. துடிப்பு நல்லா இருக்கு. நீங்க எனக்கு ஒண்ணு சொல்லணும். வலி விட்ட நேரத்துல தையல் இடத்துல வலி இருக்கா, இல்லையா?"

"தெரியல."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இருக்கா, இல்லையா?"

இருக்கு என்றால் மறுபடி சக்கரக் கட்டில், ஓடுகிற விளக்குகள், மூக்கின்மேல் அந்த மூடி. இல்லை என்று சொல்லி, இருந்துவிட்டால்? அந்த இருநூறில் ஒருத்திக்கும் இப்படித்தானே லேசாக ஆரம்பித்திருக்கும். சொல்ல ஒரே ஒரு வார்த்தைதான் வேண்டும். அவளிடம் இரண்டு இருந்தன. எது தன்னுடையது என்று தெரியவில்லை. புருஷனைப் பார்த்தாள். அவன் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியல!" என்று கத்தினாள். தன் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"சரி," என்றார் டாக்டர், அதுவும் ஒரு பதில் என்பதுபோல. உள்ளங்கையைத் தையலுக்கு மேலே வைத்தார். "இப்ப வலி விடும். விட்டதும் லேசா அழுத்தறேன். இங்கயா?"

"தெரியல."

"இங்க?"

பதில் சொல்வதற்குள் இடைவெளி முடிந்துவிட்டது. அவளைக் கேட்காமல் உடம்பு தானே முக்கத் தொடங்கியது. டாக்டர் கையை எடுத்தார். "வருதும்மா, முக்குங்க!" என்றார். நர்ஸ் முழங்காலைப் பிடித்தாள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உடம்பு முழுவதும் கீழ்நோக்கிப் போனது. மனம் மட்டும் அந்தக் குறுக்குக் கோட்டின்மேல் காதை வைத்துப் படுத்திருந்தது. துணி கிழிகிற சத்தம் வருகிறதா? இப்போதா? இல்லை, இப்போதா? யாரோ எண்ணினார்கள், யாரோ போதும் என்றார்கள், யாரோ இன்னும் ஒரே ஒரு தடவை என்றார்கள். அவள் கிழிகிற சத்தத்துக்காகவே காத்திருந்தாள்.

மார்பின்மேல் சூடாக, ஈரமாக, கனமாக ஏதோ வந்து விழுந்தது. கண்ணைத் திறந்தாள்.

"வந்துருச்சா?" என்று கேட்டாள்.

"நான் பார்த்தேன் டீச்சர்!" புருஷன் அழுதுகொண்டே சிரித்தான். "தலை வந்துச்சு, ஒரு திரும்பு திரும்புச்சு, அப்படியே வழுக்கிட்டு வந்துட்டான்! நீ பார்த்தல்ல?"

நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்து பேருந்தைத் தவறவிட்டவளைப்போல அவனைப் பார்த்தாள். பையன் அவள் கழுத்துக்குக் கீழே வாயைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நனைந்த காது ஒன்று கன்னத்தோடு மடிந்து ஒட்டியிருந்தது. அதை விரலால் பிரித்துவிட்டாள். அழுகை வந்தது. எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை.

"அந்த இடது பக்கம் வலிச்சது என்ன டாக்டர்?" என்று பிறகு கேட்டாள்.

"தலை இறங்கின வலியா இருக்கும். தையலாவும் இருந்திருக்கலாம். ரத்தப்போக்கு அளவாத்தான் இருக்கு, பார்த்துட்டே இருப்போம். அது எந்த வலின்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா."

சுண்டெலியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த அம்மா, வராந்தாவில் நின்று போனில் ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். "சுகப்பிரசவம்தான்! நான் அப்பவே சொன்னேன், எம்பொண்ணு தைரியசாலின்னு!" உள்ளே வந்து மகளின் நெற்றியை வழித்துவிட்டு, "ஜெயிச்சுட்டடி," என்றாள். யாரை என்று கேட்க வாயெடுத்து, அவள் கேட்காமல் விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை சுண்டெலியைக் கூட்டிவந்தார்கள். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். தம்பி தூங்கினான். பார்த்தது போதும் என்று கட்டில்மேல் ஏறினாள். அம்மாவின் வயிறு தளர்ந்து, காற்றுப் போன தலையணைபோலக் கிடந்தது. அதன்மேல் குறுக்கே படுத்துக் காதை வைத்தாள்.

"உஷ்! யாரும் பேசாதீங்க," என்றாள்.

"என்னடி?" என்றாள் அம்மாக்காரி.

"உள்ள இன்னும் ஒருத்தங்க இருக்காங்க."

"அது பசிடி. காலைல இருந்து நான் ஒண்ணும் சாப்பிடல."

"இல்ல. நீயே பாரு." சுண்டெலி அவள் கையைப் பிடித்து இழுத்து, அடிவயிற்றின் இடது ஓரத்தில் வைத்து, அதற்கு மேலே தன் சின்னக் கையையும் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே ஏதோ ஒன்று மெதுவாகப் புரண்டு, குமிழிட்டு, அடங்கியது. திரைச்சீலை ஒருமுறை ஆடி நின்றது. தொட்டிலில் பையன் கொட்டாவி விட்டான். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது மறுபடி வருமா என்று காத்திருந்தார்கள்.