பாவு மண்டபத்தின் நீளம்

ஆரணியில் ஆற்றுக்குப் போகும் தெருவில் இருக்கும் பாவு மண்டபம் வெளியே எண்பது அடி நீளம். உள்ளே எவ்வளவு நீளம் என்பது அன்றைக்கு அதற்குள் எத்தனை பாவு நீட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பாவு என்பது புடவையின் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன் அவற்றை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை விறைப்பாக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, சிக்கெடுத்துச் சுருட்ட வேண்டும். முன்பெல்லாம் மழையில்லாத மாதங்களில் தெருவிலேயே செய்துவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண்டபம்தான். ஒரே ஒரு பாவு இருக்கும் நாளில் மண்டபம் உள்ளேயும் எண்பது அடியாகத்தான் இருக்கும். இரண்டாவது பாவு வந்தால் பின்சுவர் தள்ளிப்போகும். அடைமழைக் காலத்தில் இந்தக் கோடியில் கூப்பிட்டால் அந்தக் கோடியில் கேட்காது. கைபேசியில் பேசிக்கொள்வார்கள். டீக்கடைக்காரர் உள்ளே சைக்கிளில்தான் போய்வருவார், இருட்டும் இடத்தில் மணி அடித்துக்கொண்டு. மண்டபத்தைக் கட்டியது ஆரணியை ஜாகீர்தார்கள் ஆண்ட காலத்தில் என்கிறார்கள். அதற்கும் முந்தியது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு பக்கத்தையும் கேட்டாயிற்று, எது சரி என்று தீர்மானிக்க முடியவில்லை. அது நீளுவதைப் பற்றி மட்டும் யாரும் இரண்டு விதமாகச் சொல்லவில்லை. புழுங்கல் அரிசி புழுங்கியிருப்பதை எப்படிச் சொல்வார்களோ அப்படித்தான் சொன்னார்கள்.

மண்டபத்துக்குள் ஒரு வழக்கம் இருந்தது. முன்வாசலை அடுத்த முதல் கல்தூணில் யாரும் வெறும் கல்லின்மேல் பாவைக் கட்டுவதில்லை. போகிறவர் தன் பாவின் நுனியில் ஒரு சாண் விட்டுப்போவார். வருகிறவர் அந்த நுனியோடு தன் நுனியை முறுக்கிப் பிணைப்பார். தறியிலும் அப்படித்தான். புடவை அறுத்து எடுத்தபின் பழைய பாவின் முனைகள் தறியிலேயே நிற்கும், புதிய பாவை அவற்றோடு ஒவ்வொரு இழையாகப் பிணைப்பார்கள், தறி வெறுமையாவதே இல்லை. அப்படிச் சேர்ந்து சேர்ந்து முதல் தூணைச் சுற்றிப் பழைய நூல் தொடை கனத்துக்கு இருந்தது. நிறம் எல்லாம் ஒன்றாகி, எண்ணெயும் தூசியும் ஏறி, தூரத்திலிருந்து பார்த்தால் தூணுக்கு யாரோ கம்பளி சுற்றியது போல இருக்கும்.

போன கார்த்திகையில் முன்பக்க மாடத்திலிருந்து சுண்ணாம்புக் காரை பெயர்ந்து விழுந்து யாரோ ஒருவரின் ஸ்கூட்டர் கண்ணாடி உடைந்தது. கட்டடம் ஆபத்தானது, இடித்துவிட்டுக் கடைகளும் வண்டி நிறுத்துமிடமும் கட்டலாம் என்று நகராட்சியில் முடிவானது. அளவெடுக்க வந்தவர் ஓவர்சியர் தென்னரசு. வெளியே அளந்தார், எண்பது. உள்ளே அளக்கத் தொடங்கினார், டேப்பு தீர்ந்தது, மறுபடி வைத்தார், மறுபடி தீர்ந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவர் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டேப்புல எதோ கோளாறு.”

“டேப்ப குத்தம் சொல்லாதீங்க சார்” என்றாள் ரேணுகாதேவி. “உள்ள ஒம்போது பாவு கட்டிகினு இருக்கோம். ஒத்த பாவு கீற நாள்ல வாங்க, ஒரே இழுப்புல முடிஞ்சிடும்.”

ரேணுகாதேவி பாவு நீட்டும் ஆறு பெண்களுக்குத் தலைவி. அவர்களுக்குத் தெரு போய்விட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஆற்றுத் தெருவைப் பேருந்துகள் சுற்றிப்போகும் வழியாக்கிய பிறகு, மழையில்லாத நாளிலும் அங்கே பாவு கட்ட முடியவில்லை. விடிந்ததும் ஹாரன். ஒருமுறை ஒரு போளூர் பேருந்து ஒரு முழுப் பாவையும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு போனது. இனி ஆண்டு முழுவதும் மண்டபம் ஒன்றுதான் கதி. அதுவும் போனால், தினம் காலை தெருமுனையில் நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் செருப்புக் கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். முன்பு பத்துப் பேர் இருந்த குழு அது. நான்கு பேர் ஏற்கெனவே வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். வேன்காரர் ரேணுகாதேவி வீட்டு முன்னால் மட்டும் வேகத்தைக் குறைத்து, பார்த்துவிட்டுப் போவார்.

இடிக்க வந்த ஜேசிபியின் ஓட்டுநர் அஜித், போளூர்க்காரர். இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியபின், எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று பார்க்க உள்ளே போனார். மாலையில் டீக்கடைக்காரரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து திரும்பி வந்தார்.

“சார், முடிவே இல்ல சார். ஒரு எடத்துல உக்காந்து பீடி பத்தவெச்சிகினு யோசன பண்ணேன். இத மொத்தமா ஒரு தொகைக்கு ஒத்துக்க முடியாது, பேஜாராயிடும்.”

தென்னரசு மதிப்பீட்டைத் திருத்தி அனுப்பிவிட்டு வருவதாகச் சொன்னார். இயந்திரம் திரும்பிப் போனது. போகும்போது அஜித் முதல் தூணிலிருந்து ஒரு முழம் நூல் அறுத்து, கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சம்பழத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கேட்டுத்தான் எடுத்தேன் என்பது அவர் பக்கம். கேட்கவில்லை என்பது பெண்கள் பக்கம்.

இதற்குள் ஊரில் மண்டபப் பாதுகாப்புக் குழு ஏற்பட்டது. செயலாளர் ராஜவேலு மின்சாமான் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். தன் கடையை மகனிடம் விட்டுவிட்டு இதே வேலையாக அலைந்தார். கறுப்புப் பட்டை, கையெழுத்து, ஒருநாள் உண்ணாவிரதம் எல்லாம் நடந்தன. உண்ணாவிரதப் பந்தல் மண்டபத்துக்கு எதிரே போடப்பட்டது. அன்று உள்ளே பாவு நீட்டிய பெண்கள் சாப்பாட்டு வாசனை வெளியே போகக் கூடாதென்று மறுகோடிக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். மேலிடத்திலிருந்து பதில் வந்தது: பங்குனியில் ஒரு ஆய்வுக்குழு வந்து பார்க்கும், கட்டடம் பாதுகாக்கத் தகுந்தது என்றால் நிற்கும், இல்லையென்றால் அன்றைக்கே இடிக்கலாம்.

ராஜவேலு அந்தப் பதிலைப் படித்துவிட்டு மண்டபத்துக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தார். கல்யாணம் வைத்திருப்பவர் வீட்டைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை என்று உடன் போனவர்கள் சொல்கிறார்கள். ரேணுகாதேவியிடம் தயங்கித்தான் கேட்டார்.

“ரெண்டு மாசம் காலி பண்ணிக் குடும்மா. வெள்ளயடிச்சி, கழுவி, பளபளன்னு காட்டிடலாம். அப்புறம் உன்ன யாரு கேக்கப்போறாங்க?”

“எங்களுக்கு வேற எடம் இன்னாங்க?”

“எங்க கடை மாடி கீது. சின்னதுதான். சமாளிச்சிக்க.”

அவள் ஒத்துக்கொண்டாள். தன் குழுவையும் கூட்டிக்கொண்டு வந்து அவளே பெருக்கினாள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. போகிக்கு முந்தின நாள் முழுக்க ஊர் திரண்டு வேலை செய்தது. ஓட்டடை அடித்தார்கள், தரையைத் தேய்த்தார்கள். முதல் தூணைச் சுற்றியிருந்த பழைய நூலை இரண்டு பேர் அரிவாளால் கீறி எடுத்தார்கள், கீழே பளபளப்பான கருங்கல் தெரிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் விடியலில் போகி. ஊரில் பழையது எதுவாக இருந்தாலும் அன்று நெருப்புக்குத்தான் போகும். கிழிந்த பாய், ஓட்டை முறம், தேய்ந்த துடைப்பம் எல்லாவற்றோடும் அந்த நூலும் போனது. பட்டு எரிந்தால் மயிர் கருகும் வாசனை வரும். அந்த வாசனை ஆற்றுத் தெருவில் பொங்கல் முடியும்வரை இருந்தது. சாம்பலை ரேணுகாதேவி ஒரு டின்னில் வாரி வைத்தாள், பிணைக்கும்போது விரல் வழுக்காமல் இருக்கத் தொட்டுக்கொள்வதற்காக. நல்ல சாம்பலை யாரும் கொட்டுவதில்லை.

தை மாதம் பாதுகாப்புக் குழுவின் முதல் கூட்டம் மண்டபத்துக்குள் நடந்தது. நூறு நாற்காலி போட்டார்கள், தாராளமாக இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு அறுபதுதான் கொண்டது. வாடகைக்காரர் நாற்காலியைப் பெரிய அளவாக மாற்றிவிட்டார் என்று அவரோடு சண்டை போட்டார்கள். மாசியில் உறுப்பினர்கள் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, மண்டபத்தின் சிறப்புகளைச் சொல்லும் துண்டறிக்கையைத் திருத்தினார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் தலைவர் மட்டும் உள்ளே இருந்தார், மற்றவர்கள் தெருவில் நின்றார்கள். பங்குனி பிறந்தபோது முன்வாசலில் நின்றால் கை நீட்டிப் பின்கதவின் தாழ்ப்பாளைத் தொட முடிந்தது. வெளியே அதே எண்பது அடி, புது வெள்ளை, மாவிலைத் தோரணம்.

ராஜவேலு தென்னரசுவை ரகசியமாகக் கூட்டிவந்து காட்டினார். தென்னரசு டேப்பை எடுத்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டார்.

“இதுக்கு ஜேசிபி எதுக்குங்க. பெரிய சுவரு, நடுவுல ஒரு பொந்து. அப்படித்தான் எழுத முடியும்.”

ராஜவேலு அன்று கடைக்குப் போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மேலே அந்தச் சின்ன அறையில் பாவைக் குறுக்கும் நெடுக்குமாக மடக்கி மடக்கிக் கட்டி, பாதியை அறுத்துக்கொண்டு, ஆறு பெண்களும் திட்டிக்கொண்டிருந்தது கேட்டது. பிறகு ரேணுகாதேவி இறங்கி வந்தாள். அவரிடம் கோபமாகப் பேச வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பேசினாள்.

“வெறுங்கல்லா வுட்டுட்டோம்ங்க. நானுந்தான் பெருக்கனேன். அப்ப தோணல.”

ஒரு பாவை எடுத்துக்கொண்டு போய்த் தூணில் கட்டிப் பார்த்தார்கள். பட்டு கல்லில் நிற்கவில்லை, முடிச்சு தானாக அவிழ்ந்து கீழே விழுந்தது. பழைய நூல் யாரிடமாவது மிச்சம் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டார்கள். எல்லோரும் போகியை நினைத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

ஆய்வுக்குழு வந்த அன்று காலை செருப்புக் கம்பெனி வேன் தெருமுனையில் நின்றது. ரேணுகாதேவி சாப்பாட்டுக் கூடையோடு வேனை நோக்கித்தான் நடந்தாள் என்று அவள் குழுவிலேயே இரண்டு பேர் சொல்கிறார்கள். அவள் அதை மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. வேனுக்கு வழி விடாமல் நடுத்தெருவில் ஜேசிபி வந்து நின்றது. ஆய்வுக்குழு தகுதியில்லை என்று சொன்னால் அன்றைக்கே இடிக்க வேண்டும் என்பதற்காக அஜித்தை வரச் சொல்லியிருந்தார்கள். அவள் ஒதுங்கி நின்றபோது கண்ணாடிக்குக் கீழே காய்ந்த எலுமிச்சம்பழத்தையும், அதைச் சுற்றியிருந்த அழுக்கு நூலையும் பார்த்தாள்.

“அது எங்க நூலு. குடுத்துடுப்பா.”

“தர முடியாதுக்கா. இத கட்டினதுலேந்து வண்டி ஒரு நாளு மக்கர் பண்ணல. குடுத்துட்டு, வண்டி நின்னுச்சினா?”

“வண்டி நிக்கணும்னுதான்டா இந்த ஊரே சோறு தின்னாம கெடந்துச்சி.”

வேனில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அஜித்தும் சிரித்தார். பிறகு மண்டபத்தைப் பார்த்தார், கதவு திறந்திருந்தது, உள்ளே இருந்த பொந்து தெரிந்தது. தான் ஒரு பகல் முழுவதும் நடந்த இடம் அது. சிரிப்பை நிறுத்திவிட்டு இருக்கையில் இருந்து இறங்கி, நூலை அவிழ்த்து, பல்லால் கடித்து இரண்டாக்கினார்.

“பாதி உனுக்கு, பாதி எனுக்கு. ஜல்தியா கட்டிக்க, ஆபீசருங்க எளநி குடிச்சிகினு கீறாங்க.”

குழுவில் ஒருத்தி கடை மாடிக்கு ஓடி ஒரு புதிய பாவையும் சாம்பல் டின்னையும் கொண்டுவந்தாள். ரேணுகாதேவி டின்னைத் திறந்து விரலில் போகிச் சாம்பலைத் தொட்டாள். ஒரு கை மட்டும் நுழையும் இடத்தில் கையை விட்டு, பாதி நூலைத் தூணில் சுற்றினாள். அது கல்லைப் பிடித்துக்கொண்டது. அதன் நுனியோடு புதிய பாவின் நுனியை முறுக்கிப் பிணைத்தாள், இழை இழையாக, அவசரப்படாமல். வேனில் இருந்த நான்கு பேரும் இறங்கி வந்து பாவின் மறுமுனையைப் பிடித்தார்கள். வேன்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, வண்டியை அணைத்தார். பெண்கள் இழுத்தார்கள். பின்கதவு ஒரு அடி போனது. இன்னும் ஒரு அடி. பாவு நீள நீள மண்டபம் இடம் விட்டுக்கொண்டே போனது, தூண்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நடந்தன, புது வெள்ளை மட்டும் அங்கங்கே விரிசல் விட்டது.

இளநீர் குடித்து முடித்த ஆய்வுக்குழு உள்ளே போனது. மறுகோடியைப் பார்க்காமல் அறிக்கை எழுத முடியாது என்று மூவரும் நடந்தார்கள். சாயங்காலம் டீக்கடைக்காரர் ஒருவர் ஒருவராகச் சைக்கிளில் கொண்டுவந்து சேர்த்தார். மண்டபம் நிற்கட்டும் என்று உத்தரவு வந்தது. காரணம் என்ன எழுதியிருந்தார்கள் என்று விசாரித்ததில் தெளிவாகத் தெரியவில்லை. தென்னரசு அதன் நீளத்தை ‘அன்றைய நிலவரப்படி’ என்று எழுதி அனுப்பினார், அதை யாரும் திருப்பி அனுப்பவில்லை. வேனிலிருந்து இறங்கிய நால்வரில் இருவர் வேனுக்கே திரும்பிவிட்டார்கள், இருவர் பாவுக்கு வந்தார்கள். ராஜவேலு முதல் தூணில் நூல் சேருவதைப் போய் அவ்வப்போது பார்த்துவிட்டு வருகிறார். தூசி தட்டுவதற்குக்கூட அதைத் தொடுவதில்லை.

நூலின் மறுபாதி இன்னும் அஜித்தின் ஜேசிபியில் தொங்குகிறது. அதனால் மண்டபத்தின் பின்கதவு இப்போது அவர் இயந்திரம் நிற்கும் இடத்தில் திறக்கிறது. இது சித்திரையில்தான் தெரிந்தது, ரேணுகாதேவி குப்பை கொட்டக் கதவைத் திறந்தபோது எதிரே போளூர் சந்தை. கத்தரிக்காய் அங்கே மலிவு என்பதால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒருநாள் கதவைத் திறந்தால் போளூர் பக்கத்துத் திருமலைக் குன்று தெரிந்தது, அங்கே யாரோ வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அஜித் மதியச் சாப்பாட்டுக்கு இந்தக் கதவு வழியாக உள்ளே வந்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்.

சில நாட்களில் பின்கதவின் இடுக்கு வழியாகச் செங்கல் தூசி வருகிறது. எங்கோ ஒரு ஊரில் ஒரு கட்டடம் விழுகிறது. பெண்கள் பாவின்மேல் வேட்டியைப் போர்த்திவிட்டு, டீ சொல்லி, தூசி அடங்கும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.