நீச்சல் தெரிந்த அறுபது பேர்

ஆற்றுப் பாலம் கட்டும் கம்பெனியின் வேலைப் படிவத்தில் ஏழாவது கேள்வி: "நீச்சல் தெரியுமா?" வேலையில் இருந்த அறுபது பேரும் "தெரியும்" என்று எழுதியிருந்தார்கள். "தெரியாது" என்று எழுதியவர் யாரும் மறுநாள் வேலைக்கு வந்ததாகத் தகவல் இல்லை.

பாலத்துக்குக் கம்பி கட்டும் கம்பிக்காரரும் "தெரியும்" என்றுதான் எழுதியிருந்தார். அவருக்கும் தண்ணீருக்கும் இருந்த பழக்கம் ஒரு வாளி, ஒரு குவளை. அவ்வளவுதான்.

மேனேஜர் இந்தப் படிவங்களை வைத்துக்கொண்டு ஒரு பாதுகாப்புத் திட்டமே தீட்டிவிட்டார். தரைக்கு மேலே வேலை என்றால் விழுந்து அடிபடும்; பெல்ட் வேண்டும். இங்கே கீழே இருப்பது தண்ணீர், மெத்தை மாதிரி. ஆகவே பெல்ட் வேண்டாம். தண்ணீர் என்றால் மூழ்கும். லைஃப் ஜாக்கெட் வேண்டும். ஆனால் எல்லோருக்கும் நீச்சல் தெரியும். ஆகவே அதுவும் வேண்டாம். இதைத் திரையில் படம் போட்டு நாற்பது நிமிடம் விளக்கினார். எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். டீ வந்திருந்தது.

பாலத்துக்குக் கீழே ஒரு மீட்புப் படகும் உண்டு. ஓட்டுபவர் கம்பிக்காரரின் தங்கை புருஷன்.

"மச்சான், பாத்து நில்லுங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா வீட்ல உங்க தங்கச்சிக்கு நான்தான் பதில் சொல்லணும்!"

"விழுந்தா தூக்கத்தானே மாப்பிள்ளை, கீழே உங்களை வச்சிருக்கு?"

"மேனேஜரை அக்கரையில விட்டுட்டு வந்து தூக்கறேன். அதுவரைக்கும் கொஞ்சம் மிதந்துக்கிட்டிருங்க."

ஒரு திங்கட்கிழமை, வேலைத்தளத்தைச் சோதிக்க அரசாங்க அதிகாரி அம்மா ஒருவர் வந்து, ஆற்றுக்கு மேலே கட்டியிருந்த சாரத்தில் ஏறினார். "பெல்ட் எங்கே? ஜாக்கெட் எங்கே?" என்றார்.

"எதுக்கு மேடம்? இவனுங்க ஒவ்வொருத்தனும் ஒரு தவளை!" மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "இப்பவே காட்டறேன் பாருங்க." பக்கத்தில் நின்ற கம்பிக்காரரைப் பார்த்துக் கைநீட்டினார். "யோவ், குதி!"

அதிகாரி "வேண்டாம், வேண்டாம்" என்றது அவர் காதில் ஏறவில்லை. "குதின்னா குதிய்யா!"

குதித்தால் உயிர் போகும். உண்மையைச் சொன்னால் வேலை போகும். உயிர் போனால் வேலையும் கூடவே போய்விடும் என்பது கம்பிக்காரருக்குச் சற்றுத் தாமதமாக உறைத்தது.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க சார்."

"தெரியும்னு எழுதியிருக்கியே!"

"எழுதத் தெரியுங்க. நீந்தத்தான் தெரியாது."

பின்னால் நின்ற வெல்டர் தொண்டையைச் செருமினார். "எனக்கும் தெரியாதுங்க." பிறகு யாரோ "எனக்கும்" என்றார்கள். சாரம் முழுக்க, மேலும் கீழுமாக, "எனக்கும்", "எனக்கும்" என்று ஓடியது. கடைசியாக ஆற்றிலிருந்து ஒரு குரல்: "எனக்கும்தான் சார்!"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். படகுக்காரர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நீ மீட்புப் படகுய்யா!" மேனேஜர் அலறினார்.

"படகு ஓட்டத் தெரியுமான்னுதான் சார் கேட்டீங்க."

அதிகாரி மேனேஜர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

"நான் நிர்வாகத்துல இருக்கேன் மேடம்."

அத்தோடு அதிகாரி வேலையை நிறுத்திவைத்தார். ஒருவரை வீட்டுக்கு அனுப்பலாம். அறுபது பேரையும் அனுப்பினால் பாலத்தை மேனேஜர்தான் கட்டவேண்டும். ஆகவே யாரையும் அனுப்பவில்லை. வியாழக்கிழமை பெல்ட்டும் ஜாக்கெட்டும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. சாரத்துக்குக் கீழே வலை கட்டினார்கள். படகில் நிஜமாகவே நீந்தத் தெரிந்த ஒருவரும் ஏறினார்; மேனேஜர் ஏறக்கூடாது என்று அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இதெல்லாம் தமது நெடுநாள் கனவு என்று மேனேஜர் இன்னொரு கூட்டம் போட்டார்.

கம்பிக்காரர் ஜாக்கெட்டை மாட்டி, பெல்ட்டின் கொக்கியைக் கயிற்றில் கோத்து, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு சாரத்தின் விளிம்புக்குப் போனார். குனிந்தார்.

"மாப்பிள்ளை! இந்த ஆத்துல மீன் இருக்கு! கூட்டம் கூட்டமா!"

"மூணு மாசமா அதுக்கு மேலதானே மச்சான் நிக்கறீங்க?"

"நின்னேன். கண்ணைத் திறந்துக்கிட்டா நின்னேன்?"