டில்லிபாபு போடாத உப்பு

வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை மிக்ஸி ஜாரின் ஓரமெல்லாம் அப்பிக்கொண்டு மோகனப்ரியாவின் பொறுமையைச் சோதித்துக்கொண்டிருந்தது. வழித்துவிட்டு, ஓட்டி, நிறுத்தி, மறுபடி வழித்துவிட்டு ஓட்டினால்தான் கடலையே தன் எண்ணெயைக் கக்கி வெண்ணெயாக இளகும். கடையில் பாட்டிலில் கிடைக்காமலில்லை. வாங்கிய பாட்டிலின் முதுகைப் படித்துப் பார்த்தாள். உப்பும் சர்க்கரையும் போட்டிருந்தான் புண்ணியவான். அன்றிலிருந்து சொந்த அரைப்புதான்.

எல்லாம் துரைக்காக. அவள் புருஷன், காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு ஓட்டுகிறவன். மீன்பிடித் தடைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனைப் பெரியாஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். இதயம் பாதி பலத்தில்தான் ஓடுகிறது, உப்பு ஏறினால் உடம்பில் நீர் கோத்து நுரையீரலை அடைத்துவிடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். உப்பில்லாத குழம்பை முதல் நாள் வாயில் வைத்த துரை, தட்டைத் தள்ளிவிட்டுப் பட்டினி கிடந்தான்.

உப்பு போடாத கடலை வெண்ணெயைச் சொல்லிக் கொடுத்தது ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு விவரம் சொல்லும் பெண். புரதம் இருக்கிறது, அதிலுள்ள கொழுப்பு நல்ல வகை, பசி தாங்கும். ஆனால் ஸ்பூன் கணக்கை மீறினால் உடம்பு போடும் என்றாள். மோகனப்ரியா அதைக் கேழ்வரகுக் கஞ்சியில் கலக்கினாள். புளித்தண்ணீரில் கரைத்து மிளகாய் கிள்ளிப் போட்டு இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வைத்தாள். மீன் குழம்பை இறக்கும்போது ஒரு ஸ்பூன் விட்டாள். குழம்பு கெட்டியாகி நாக்கை ஏமாற்றியது. துரை முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டான். தெருவில் "உன் வூட்டுக்காரு ஜிம்முக்குப் போறாரா?" என்று கிண்டல் செய்தார்கள். போகட்டும், ஆள் பிழைத்தால் போதும்.

சுக்கான் மட்டும் பிடிக்கலாம், வலை இழுக்கக்கூடாது என்று டாக்டர் தலையாட்டியதும் துரை கடலுக்குக் கிளம்பிவிட்டான். லாஞ்சில் சமைக்கிறவன் அவனுடைய சித்தப்பா மகன் டில்லிபாபு. கடலை வெண்ணெய் பாட்டிலை அவன் கையில் கொடுத்து, ஒரு கல் உப்பு விழக்கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அடுத்த நடைக்கு அரைத்துக்கொண்டிருந்தவள், போன் அடித்ததும் மிக்ஸியை நிறுத்தி எடுத்தாள். டில்லிபாபுதான். பழவேற்காட்டுப் பக்கம் கரையை ஒட்டி வந்தால் கொஞ்ச நேரம் சிக்னல் கிடைக்கும்.

"அண்ணி, உன் கடல பேஸ்ட்டு காலி. அல்லாரும் கேட்டு வாங்கித் துன்னுட்டானுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அவரு சாப்ட்டாரா?"

"அண்ணன் ரெண்டு தபா வாங்கித் துன்னாரு. கடல் தண்ணில மீனு தலையக் கொதிக்க வச்சி, கடைசில உன் பேஸ்ட்ட ஒரு கரண்டி வுட்டேன்."

மோகனப்ரியா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்தத் தண்ணில?"

"கடல் தண்ணிதான் அண்ணி. பாதிக்குப் பாதி. நல்ல தண்ணி குடிக்கவே இழுத்துக்கினு கீது. ஆனா உப்பு ஒரு கல்லு போடல. அம்மா சத்தியமா."

அவன் பொய் சொல்லவில்லை. லாஞ்சில் உப்பு என்றால் பாக்கெட்டில் இருப்பது. கடலில் மொண்டு ஊற்றுவது தண்ணீர். அவளுடைய அப்பாவும் அப்படித்தான் சமைத்தார். மீனவன் வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு உப்பைப் பற்றிச் சொல்லத் தெரிந்தது, தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"டில்லி, அவரு கால கட்ட வெரலால அழுத்திப் பாரு."

காற்றும் இன்ஜின் சத்தமும் போனில் இரைந்தன. நடுவில் துரையின் குரல் கேட்டது, "வுடுடா, இன்னாடா பண்ற?" வாக்கியத்தை முடிக்குமுன் அவனுக்கு மூச்சு வாங்கியது. அது அவளுக்கு நன்றாகவே கேட்டது.

"அண்ணி, குழி வுழுந்துச்சி. எழும்ப மாட்டேங்குது. ராத்திரி படுக்க முடியலன்னு உக்காந்துகினேதான் இருந்தாரு."

"லாஞ்ச திருப்புங்க."

துரை போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். "வலை உள்ள கீது மே. நாளைக்கு வந்துருவேன். சும்மா பேஜாரு பண்ணாத."

"யோவ், ஸ்பீக்கர்ல போடு. சுப்புராயன் மாமா பக்கத்துல கீறாரா?" சுப்புராயன் அந்த லாஞ்சிலேயே மூத்தவர். "மாமா, இவரு நெஞ்சுல தண்ணி ஏறிகினு கீது. நாளைக்கு வரைக்கும் தாங்காது. நீ சுக்கானப் புடி."

 சுப்புராயன், "எழுந்திரு துரை" என்றது காதில் விழுந்தது. அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், போகவில்லை. அவன் எழுந்தானா, சண்டை போட்டானா, ஒன்றும் தெரியவில்லை.

நூற்றியெட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் படகுத்துறையில் போய் நின்றாள். உள்ளே வந்த ஒவ்வொரு லாஞ்சும் வேறு யாருடையதோவாக இருந்தது. ஐஸ் வண்டிக்காரர்கள் ஓரமாகப் போகச் சொல்லிக் கத்தினார்கள், அவள் நகரவில்லை. துரை செத்துப்போயிருந்தால் டில்லிபாபு எப்படி முகத்தைக் காட்டுவான் என்றெல்லாம் மனம் கண்டபடி ஓடியது. பொழுது சாயும் நேரத்தில் அவர்கள் லாஞ்சு வந்தது. துரை ஐஸ் பெட்டியில் சாய்ந்து, வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் டில்லிபாபு அழுதுகொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸில் ஊசி போட்டு மாஸ்க் மாட்டினார்கள். ராயபுரம் பாலம் தாண்டியதும் மூச்சு கொஞ்சம் நிதானமானது. துரை மாஸ்க்கை விலக்கினான்.

"டில்லிய திட்டாத மே. அவன் மேல தப்பில்ல. மொத வாயிலயே எனக்குத் தெரிஞ்சிடுச்சி."

அவள் அவனையே பார்த்தாள்.

"சோறு சோறா இருந்துச்சி. அதான் வாயத் தொறக்கல. உனக்கு இன்னா தெரியும், உப்பில்லாம துன்றது எப்டின்னு?"

இத்தனை நேரம் பயந்ததெல்லாம் கோபமாகத் திரும்பியது. நோயாளி என்றும் பார்க்காமல் அறையலாம் என்று அவளுக்குக் கை பரபரத்தது.

"நீ ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து நானும் அதத்தான்யா துன்னுகினு கீறேன்."

"நீ எதுக்கு?"

"நீ துன்னு முடிச்சி எழுந்துப்ப. அப்பறம் நான் உக்காந்து உப்பு போட்டுக்கினு துன்னா, எனக்கு எறங்குமா?"

 தினமும் தனக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிட்டவளின் தட்டைத் துரை ஒரு நாளும் பார்த்ததில்லை. அவள் மாஸ்க்கை இழுத்து அவன் முகத்தில் வைத்து, அவன் மறுபடி விலக்காதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.